மூன்று விரிப்புகள் குறைகின்றன

கொழும்பை அடுத்த பேலியகொடைப் பக்கத்தில் உள்ள எங்கள் சலவை ஆலைக்கு முதல் லொறி விடியற்காலை ஐந்து மணிக்கு முன்னரே வந்துவிடும். ஹோட்டல்கள் சிலவற்றின் படுக்கை விரிப்புகளும் துவாய்களும் தலையணை உறைகளும், தனியார் வைத்தியசாலை ஒன்றின் துணிகளும் பெரிய கன்வஸ் பைகளில் அடைத்துக் கட்டப்பட்டு அதில் வரும். நான் 2011 இல் அங்கே எண்ணிக்கை எழுதுபவனாகச் சேர்ந்தேன். பைகளைத் தரையில் கொட்டி, ஒவ்வொரு விரிப்பையும் உதறி, அதற்குள் அகப்பட்டிருக்கும் தொலைக்காட்சி ரிமோட்டையோ மூக்குக் கண்ணாடியையோ ஒரு பிள்ளையின் ஒற்றைக் காலுறையையோ எடுத்து ஒருபுறம் வைத்துவிட்டு, விரிப்பை வலப்பக்கக் குவியலில் எறிவது பெண்களின் வேலை. எறியும்போது ஒருவர் சத்தமாக எண்ணுவார். சிங்களத்தில் எகாய், தெகாய், துனாய் என்று தொடங்கும் எண்ணிக்கை இருபதைத் தாண்டுவதற்குள் தமிழுக்கு மாறிவிடுவதும் உண்டு. வேலைக்கு நிற்பவர் யார் என்பதைப் பொறுத்தது அது. நான் கொப்பியில் கோடு இழுப்பேன். நான்கு கோடுகளுக்குக் குறுக்கே ஐந்தாவது கோடு.

ஒரு மழைக்காலக் காலையில் ஹோட்டலின் சிட்டையில் படுக்கை விரிப்பு 312 என்று எழுதியிருந்தது. எங்கள் கொப்பியில் 309. திரும்ப எண்ணினோம், 310 வந்தது. மூன்றாம் முறை எண்ண நேரமில்லை, ஏனெனில் சலவை இயந்திரம் காத்திருந்தது. ஈர விரிப்புகள் இரண்டு ஒட்டிக்கொண்டு ஒன்றாக எறியப்பட்டிருக்கலாம். ஹோட்டலில் எண்ணியவர் அரைத்தூக்கத்தில் எண்ணியிருக்கலாம், அல்லது எண்ணாமலே முந்தின நாள் தொகையைப் பார்த்து எழுதியிருக்கலாம். எதையும் நிரூபிக்க வழியில்லை. மாத முடிவில் குறைந்த விரிப்புகளின் விலை எங்கள் பில்லில் கழிக்கப்படும்; அந்தக் கழிவு மேலிருந்து கீழாக இறங்கி, கடைசியில் அந்தப் பெண்களின் தலையில் வந்து நிற்கும். மாலையில் வேலை முடிந்து போகும்போது வாசலில் அவர்களுடைய கைப்பைகள் திறந்து பார்க்கப்பட்டன. இரட்டைக் கட்டிலுக்கான விரிப்பை ஒரு கைப்பைக்குள் திணிக்க முடியுமா என்று எவரும் யோசிக்கவில்லை.

துணியைப் பிரிக்காமலே எண்ணுவதற்காக அதற்குள் தைக்கப்படும் சிறிய வானலை டேக்கைப் (RFID tag) பற்றி எழுத உட்காரும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கைப்பைகள்தான்.

துணிக்கு அடையாளம் இடுவது புதிய யோசனையன்று. நான் சிறுவனாக இருந்தபோது கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்குக் கிழமைக்கு ஒரு முறை சலவைக்காரர் ஒருவர் வருவார். அம்மா அவரைப் பெரியவர் என்றே அழைப்பார். சாரம் நான்கு, சேர்ட் ஆறு, வேட்டி ஒன்று என்று அம்மா ஒரு கொப்பியில் எழுதிக் கொடுப்பார். பெரியவர் அந்தக் கொப்பியைத் திறந்து பார்த்ததாக நினைவில்லை. அவருடைய கணக்கு துணியிலேயே இருந்தது. சேர்ட்டின் கழுத்துப்பட்டியின் உட்புறத்தில் ஒரு புள்ளி, ஒரு கோடு, ஒரு கொக்கி. அதுதான் எங்கள் வீடு. பக்கத்து வீட்டுக்கு வேறு குறி. ஐம்பது வீட்டுத் துணியை ஒன்றாகத் தோய்த்து ஒன்றாகக் காயவைத்தாலும், மினுக்கி மடிக்கும்போது அவை தாமாகப் பிரிந்து உரிய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

பழைய காலத்தில் அந்தக் குறிக்குப் பயன்பட்டது சேங்கொட்டை. கொட்டையின் தோலில் உள்ள பிசுபிசுப்பான சாறு, சுண்ணாம்புடன் சேரும்போது கறுத்து, பருத்தி நூலில் அப்படியே பிடித்துவிடும். காரத்துக்கும் கொதிநீருக்கும் அசையாது. ஆனால் அது தோலைச் சுடும் சாறு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் நிறுத்தப்பட்டிருந்த அந்நியப் படையினர் சிலருக்குக் கழுத்திலும் இடுப்பிலும் கொப்புளம் கிளம்பியது. மருத்துவர்கள் காரணத்தைத் தேடிப் போனபோது, சலவைக் குறி இருந்த இடத்தில்தான் கொப்புளமும் இருந்தது என்பது தெரியவந்தது. அதே போரில் வேறொரு குறியிடலும் நடந்துகொண்டிருந்தது. ராடாரில் தெரிகிற விமானம் நம்முடையதா எதிரியுடையதா என்று அறிய, வானலையால் கேள்வி கேட்டு வானலையிலேயே பதில் பெறும் கருவியை விமானங்களில் பொருத்தினார்கள். 1948 இல் ஹாரி ஸ்டொக்மன் என்ற பொறியியலாளர், தன்னிடம் சொந்தமாக அலைபரப்பி எதுவும் இல்லாத பொருளும், தன் மேல் விழும் அலையைத் திருப்பி அனுப்பியே செய்தி சொல்ல முடியும் என்று ஒரு கட்டுரையில் எழுதினார். எங்கள் ஆலையில் இன்று நடப்பது அதுவேதான்.

என் மேசையில் இப்போது ஒரு டேக் கிடக்கிறது. நீளம் ஏறத்தாழ 7 சென்றிமீற்றர், அகலம் ஒன்றரை. வெள்ளைப் பொலியெஸ்டர் நாடாவைப் போல இருக்கிறது. விரலால் தடவினால் நடுவில் ஒரு பருப்பளவு தடிப்புத் தட்டுப்படும். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே மெல்லிய எவர்சில்வர் இழையொன்று வளைந்து வளைந்து ஓடுவது தெரியும். அந்த இழைதான் அன்டனா; அந்தத் தடிப்புத்தான் சில்லு (சிப்). இதில் மின்கலம் இல்லை. டேக்கை வாசிக்கும் கருவியான ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே சில்லு தனக்கு வேண்டிய துளி மின்சாரத்தை எடுத்துக்கொண்டு விழிக்கிறது, தன் எண்ணைச் சொல்கிறது, அலை நின்றதும் உறங்கிவிடுகிறது.

இந்தக் கட்டமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, சில்லும் அன்டனாவும் ஒன்றோடொன்று ஒட்டப்படவில்லை என்பதாகும். சாதாரணமாக இரண்டையும் நேரடியாக ஒட்டிவிடுவார்கள். துணி மடிந்து, முறுகி, பிழியப்படும் இடத்தில் முதலில் விட்டுப்போவது அந்த ஒட்டுத்தான். ஆகவே சில்லைத் தனியாக ஒரு சிறிய வளையத்துடன் பிசினுக்குள் அடைத்துவிட்டு, அருகே இழையை வளைத்துப் போட்டுவிடுகிறார்கள். இரண்டுக்கும் இடையில் உள்ள சிறு இடைவெளியைக் காந்தப்புலம் கடக்கிறது. உடைவதற்கு ஒட்டே இல்லை.

அது தாங்க வேண்டியவற்றை எண்ணிப் பார்த்தால் மனிதருக்கே மூச்சு முட்டும். காரமான சலவைத் திரவம், வெளுப்பு இரசாயனம், எழுபது பாகைக்கு மேலான நீர். பிறகு நீரைப் பிழிய அழுத்தி: பெரிய ஆலைகளின் நீள்வரிசை இயந்திரங்களில் அந்த அழுத்தம் ஐம்பது பார் வரை போகும், நல்ல டேக்குகள் 60 பார் தாங்கும் என்று விற்கப்படுகின்றன. 60 பார் என்பது ஒரு சதுர சென்றிமீற்றரின் மேல் ஏறத்தாழ 60 கிலோ எடையை ஏற்றுவதற்குச் சமம். அதன் பின் டம்பிள் ட்ரையர். அதன் பின் நாங்கள் கலண்டர் என்று சொல்கிற மினுக்கு உருளை, அதன் வெப்பம் 180 பாகை அளவில் இருக்கும். சத்திரசிகிச்சை அறைத் துணியாக இருந்தால் 134 பாகை நீராவியில் கிருமிநீக்கம் வேறு. இத்தனையையும் ஒரு முறை தாங்குவது பெரிய காரியமில்லை. தயாரிப்பாளர்கள் வழக்கமாகக் கொடுக்கும் உத்தரவாதம் 200 சலவை அல்லது மூன்று ஆண்டு, எது முந்துகிறதோ அது. ஹோட்டல் விரிப்பின் ஆயுள் பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும். டேக் அதற்குப் பின்னும் உயிரோடு இருக்கும்.

இதை விளங்கிக்கொள்ளாமல் நாங்கள் ஒரு தடவை சூடுபட்டோம். கட்டுநாயக்க வர்த்தக வலயத்திலும் அதைச் சுற்றியும் உள்ள ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் எவருக்கும் வானலை லேபல் புதிதல்ல. வெளிநாட்டு விற்பனை நிறுவனங்கள் பல, உடுப்பு இங்கிருந்து கப்பல் ஏறும்போதே அது பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்று கேட்கின்றன. விலைச்சீட்டின் பின்புறத்தில் ஒட்டப்படும் அது, மெல்லிய பிளாஸ்டிக் தாளின் மேல் அலுமினியக் கோடுகளாக இருக்கும். விலையும் குறைவுதான். தொழிற்சாலையிலிருந்து கடை வரை, கடையின் கல்லாப்பெட்டி வரை அதன் வாழ்க்கை. எங்கள் ஆலையின் அன்றைய முகாமையாளர் இதைப் பார்த்துவிட்டு, இதையே ஒரு துணிப்பைக்குள் வைத்துத் தைத்தால் என்ன என்று கேட்டார். நானும் தலையாட்டினேன். இருநூறு விரிப்பில் தைத்துப் பார்த்தோம். முதல் சலவையில் அனேகமானவை பிழைத்தன, எங்களுக்குப் பெருமகிழ்ச்சி. கலண்டரில் போனதும் பிளாஸ்டிக் சுருங்கியது. இரண்டாம் கிழமை முடிவில் தையலைப் பிரித்துப் பார்த்தபோது, சில பைகளுக்குள் கறுத்த நொறுங்கல் மட்டும் இருந்தது. பொருள் குறையுடையதென்று சொல்ல முடியாது. அது செய்யப்பட்டதே தோய்க்காமல் இருப்பதற்காக.

அதற்கு முந்திய தலைமுறை டேக்குகளும் உண்டு. சட்டைப் பொத்தானைப் போல வட்டமாக, 13.56 மெகாஹேர்ட்ஸ் அலையில் வேலை செய்பவை. உறுதியில் அவற்றுக்கு இணை இல்லை, ஈரமும் அவற்றை அதிகம் பாதிக்காது. ஆனால் ரீடருக்கு அருகில், ஒரு சாண் தூரத்துக்குள் கொண்டுபோனால்தான் பேசும். சீருடைகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கும் ஆலைக்கு அது போதும். முந்நூறு விரிப்பு உள்ள தள்ளுவண்டியைப் பிரிக்காமலே எண்ண வேண்டும் என்றால் 860 முதல் 960 மெகாஹேர்ட்ஸ் வரையான அலைவரிசைக்கு வர வேண்டும். அங்கே சில மீற்றர் தூரத்திலிருந்தும் பதில் வரும். 2004 இல் அந்த அலைவரிசைக்குப் பொதுவான நியமம் ஒன்று உருவான பின்னர்தான் ஒரு நிறுவனத்தின் டேக்கை இன்னொரு நிறுவனத்தின் ரீடர் வாசிப்பது நடைமுறையானது. ஆனால் ஒவ்வொரு நாடும் அந்த அலைவரிசையில் வேறு வேறு துண்டை ஒதுக்கியிருக்கிறது: இந்தியாவில் 865 முதல் 868 வரை, அமெரிக்காவில் 902 முதல் 928 வரை. டேக் எல்லாவற்றையும் கேட்கும், ரீடர் அப்படியன்று. வெளிநாட்டில் மலிவாகக் கிடைக்கிறதென்று பெட்டியில் ரீடரைக் கொண்டுவர நினைப்பவர்கள், முதலில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியைப் பற்றி யோசிப்பது நல்லது.

முந்நூறு டேக்குகள் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் என்னவாகும் என்பது எனக்கு முதலில் விளங்கவில்லை. வகுப்பில் ஆசிரியர் இடாப்புக் கூப்பிடாமல், எல்லோரும் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டால் இரைச்சல்தான் மிஞ்சும். ரீடர் செய்வது வேறு. ஒவ்வொரு டேக்கும் தனக்குள் ஓர் எண்ணைக் குருட்டுவாக்கில் எடுத்துக்கொள்ளும்படி அது சொல்கிறது. பிறகு படிப்படியாக எண்ணைக் குறைத்துக்கொண்டு வரச் சொல்கிறது. பூச்சியத்தை அடைந்தது மட்டும் வாய் திறக்கலாம். இரண்டு ஒன்றாக வாய் திறந்து மோதினால் அவை திரும்பவும் வரிசைக்குப் போகின்றன. மோதல் அதிகமானால் எண்களின் வீச்சை ரீடர் கூட்டுகிறது, ஆளில்லாத மௌனம் அதிகமானால் குறைக்கிறது. ஒரு விநாடிக்குள் இது நூற்றுக்கணக்கான தடவை நடந்துவிடுகிறது. பெயர் சொல்லி முடித்தது சிறிது நேரம் பேசாமல் இருக்கும், எனவே ஒன்றை இரண்டாக எண்ணும் கதையும் இல்லை. எங்கள் அக்காமார் எகாய், தெகாய் என்று நாற்பது நிமிடத்தில் முடித்ததை இது ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிக்கிறது.

டேக்கையும் ரீடரையும் எங்களுக்கு விற்க வந்தவர் இவ்வளவோடு நிறுத்திவிட்டார். தண்ணீரைப் பற்றி அவர் பேசவில்லை.

இந்த அலைவரிசையை நீர் விழுங்கும். காய்ந்த விரிப்பில் நான்கு மீற்றருக்கு அப்பாலிருந்து பதில் சொல்லும் டேக், நீச்சல் குளத்திலிருந்து வந்த ஈரத் துவாயின் நடுவில் அகப்பட்டால் அரை மீற்றரில்கூட ஊமையாகிவிடும். அன்டனாவின் இழை துணியோடு ஒட்டியிருப்பதால், துணியில் உள்ள நீர் அலையை உறிஞ்சுவதோடு அன்டனாவின் சுருதியையும் கலைத்துவிடுகிறது. இந்த அலையின் நீளம் ஏறத்தாழ 33 சென்றிமீற்றர். அதில் பாதி நீளம் இருக்க வேண்டிய இழையை வளைத்து வளைத்து 7 சென்றிமீற்றருக்குள் அடைத்திருக்கிறார்கள். அந்த அடக்கத்தில் சுருதி சிறிது பிசகினாலும் குரல் எழாது. மழைக்காலத்தில், பைகள் லொறியிலேயே நனைந்து வரும் நாட்களில், அழுக்குத் துணிப் பக்கத்து எண்ணிக்கை குறைந்தது. அதைப் பார்த்து ஹோட்டல்காரர் குற்றம் சொல்லவில்லை, நாங்கள்தான் எங்கள் இயந்திரத்தின் மேல் நம்பிக்கை இழந்தோம். பிறகு உலோகத் தகடு பதித்த அறையொன்றை அமைத்து, தள்ளுவண்டியை உள்ளே விட்டு, கதவைச் சாத்தி, நான்கு பக்கத்து அன்டனாவாலும் வாசிக்கத் தொடங்கினோம். உலோகச் சுவரில் பட்டுத் திரும்பும் அலை, நேரே போக முடியாத மூலைக்கும் ஏதாவதொரு வழியால் போய்ச் சேருகிறது.

உலர்ந்த பக்கத்தில் வேறொரு வேடிக்கை. மடிக்கும் இயந்திரம் எல்லா விரிப்பையும் ஒரே அளவில் மடிப்பதால், ஒரே மூலையில் தைத்த டேக்குகள் அடுக்கில் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. ஒன்று மற்றொன்றின் குரலை மறைத்தது. அதற்குப் பிறகு தையல் பகுதியில் டேக்கை விளிம்பு மாற்றி மாற்றித் தைக்கச் சொன்னோம். பார்வைக்கு ஒழுங்கற்றதுதான். ஒழுங்கைக் கெடுத்த பின்னர்தான் எண்ணிக்கை ஒழுங்காயிற்று.

எல்லாவற்றிலும் எங்களை அலைக்கழித்தது, வாசிக்கக் கூடாததை வாசிப்பது. வெளியேறும் வாசலில் ரீடரைப் பொருத்திய முதல் கிழமை, அதற்குப் பின்னால் பலகைச் சுவருக்கு அப்பால் காத்திருந்த வண்டியும் சேர்ந்து வாசிக்கப்பட்டது. கணினி அந்த விரிப்புகளை ஹோட்டலுக்குப் போய்விட்டதாக எழுதிக்கொண்டது. விரிப்புகளோ எங்கள் தரையில் நின்றன. மறுநாள் ஹோட்டலிலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள், வராத விரிப்புக்கு எப்படிச் சிட்டை வந்தது என்று. இயந்திரத்தை நம்பிப் பேசிய நான் அன்று தலைகுனிந்து நின்றேன். அலையின் வலுவைக் குறைத்து, பலகைச் சுவரில் அலுமினியத் தாள் ஒட்டி, வாசலைக் கடந்து போகும் திசையில் தொடர்ந்து வாசிக்கப்பட்டதை மட்டும் கணக்கில் எடுக்கும்படி மென்பொருளைத் திருத்தி முடிக்க மூன்று கிழமை ஆயிற்று. அந்த மூன்று கிழமையும் கொப்பியும் கோடுகளும் மீண்டும் வேலைக்கு வந்தன.

இவையெல்லாம் அடங்கிய பிறகு, ஆறு மாதத்துப் பதிவை வைத்துக்கொண்டு, காணாமற்போன ஒவ்வொரு விரிப்பும் கடைசியாக எங்கே எப்போது வாசிக்கப்பட்டது என்று ஒரு பட்டியல் எடுத்தேன். டேக் செய்வது அவ்வளவுதான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். விரிப்பு இப்போது எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ரீடர் இருக்கும் இடத்தைக் கடந்தபோது மட்டும் அது கண்ணில் படுகிறது. மற்ற நேரமெல்லாம் மௌனம். ஆனால் கடைசியாகக் கண்ணில் பட்ட இடம் தெரிந்தால், வழக்கில் யாரைக் கூப்பிடலாம், யாரைக் கூப்பிடக் கூடாது என்பது தெரிந்துவிடும். அந்தப் பட்டியலில் பெரும்பான்மையானவற்றின் கடைசி வரி ஒன்றாகவே இருந்தது: சுத்தமாக, மடித்து, ஹோட்டலுக்கு அனுப்பப்பட்டது. அழுக்காகத் திரும்பி வரவே இல்லை.

கையடக்க ரீடரை எடுத்துக்கொண்டு, ஹோட்டல் வீட்டுப்பராமரிப்புப் பொறுப்பாளருடன் ஒரு பகல் முழுதும் மாடி மாடியாக ஏறினேன். நான்காம் மாடிப் படிக்கட்டின் கீழே பூட்டிய சிறு அறையின் முன்னால் ரீடர் விடாமல் கத்தியது. உள்ளே ஓர் அலுமாரி நிறையச் சலவை செய்த விரிப்புகள். அந்த மாடியின் மேற்பார்வையாளர், பத்து ஆண்டாக வேலை செய்பவர், எந்தக் கூச்சமும் இல்லாமல் விளக்கினார்: சனிக்கிழமைகளில் கல்யாணக் கூட்டம் வந்தால் விரிப்பு பற்றாது, கீழே கேட்டால் இல்லை என்பார்கள், ஆகவே என் மாடிக்கு நான் ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வோர் அலுமாரி இருந்தது. ஹோட்டல்காரர் கணக்கில், ஒரு கட்டிலுக்கு மூன்று செட் வேண்டும்: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலுமாரியில். பதுக்கியதால் தட்டுப்பாடு, தட்டுப்பாடு என்பதால் பதுக்கல். இன்னும் சில விரிப்புகள் பெயின்ற் அடிப்பவர்களின் ஏணிக்கு அடியில் கிடந்தன. நீச்சல் குளத்துப் பக்கத்து அறையில் ஒரு துவாய், சைக்கிள் துடைக்கும் கந்தலாக மாறியிருந்தது. டேக் அதிலும் வாய் திறந்தது.

நியாயத்துக்கு மற்றதையும் சொல்ல வேண்டும். ஒரு பகுதி எங்கள் தவறு. இரண்டு ஹோட்டல்களின் துவாய்கள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்ததால், அங்குமிங்கும் மாறிப்போய், பல மாதமாக ஒருவர் சொத்தை மற்றவர் பாவித்துக்கொண்டிருந்தார். கலண்டர் பகுதியில் கிழிந்த விரிப்புகளைக் கணக்கில் காட்டாமல் கந்தல் சாக்கில் போட்டிருந்தார்கள். விருந்தாளிகள் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனது எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2011 இல் ஹொனலூலுவில் உள்ள ஒரு ஹோட்டல், டேக் போட்ட பிறகு மாதத்துக்கு 4,000 ஆக இருந்த குளத்துத் துவாய் இழப்பு 750 ஆகக் குறைந்தது என்று சொன்ன செய்தி உலகம் முழுதும் ஓடியது; அந்த நாளிலிருந்து டேக் என்றால் திருடனைப் பிடிக்கும் பொருள் என்றே பலருக்குப் பதிந்துவிட்டது. எங்கள் அனுபவத்தில், திருடன் என்று நாங்கள் கற்பனை செய்து வைத்திருந்த ஆள் பெரும்பாலும் படிக்கட்டுக்குக் கீழே இருந்த ஓர் அலுமாரி.

பட்டியல் வெளிவந்த மாதத்தில் வாசலில் கைப்பை பார்ப்பது நிறுத்தப்பட்டது. அறிவித்தல் எதுவும் ஒட்டப்படவில்லை, எவரும் மன்னிப்புக் கேட்கவும் இல்லை; ஒரு நாள் பார்த்தார்கள், மறுநாள் பார்க்கவில்லை. அழுக்குத் துணிப் பகுதியில் மூத்தவரான அக்கா ஒருவர், ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து இருபது ஆண்டாகக் கொழும்பில் இருப்பவர், அன்று மாலை என்னிடம் வந்து கேட்டார்: “தம்பி, இனி எங்கள எண்ண வேணாமா, துணிய மட்டும் எண்ணுனா போதுமா?” நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவருடைய வேலையில் வந்த மாற்றத்தை ஹோட்டல் துணியைவிட வைத்தியசாலைத் துணியில்தான் கண்டேன். இரத்தமும் சீழும் பட்ட விரிப்புகளைத் தரையில் கொட்டி, உதறி, கையால் எண்ணும் வழக்கம் எப்படி இவ்வளவு காலம் நீடித்தது என்று இப்போது நினைத்தால் உடல் கூசுகிறது. சலவையில் கிருமி சாகும் என்பதில் சந்தேகமில்லை. 71 பாகையில் குறைந்தது மூன்று நிமிடம் அல்லது 65 பாகையில் பத்து நிமிடம் என்று பிரித்தானியச் சுகாதார வழிகாட்டல் கூறுகிறது, நாங்களும் அதையே பின்பற்றுகிறோம். ஆனால் எண்ணுதல் சலவைக்கு முன்னர் நடக்கிறது. ஊசியொன்று விரிப்புக்குள் இருந்தால் அதை முதலில் கண்டுபிடிப்பது ஒரு பெண்ணின் உள்ளங்கை. இப்போது கட்டிய பை கட்டியபடியே வாசிப்பு அறைக்குள் போகிறது. உதறிப் பிரிப்பது இன்னும் தேவைப்படுகிறது, கையுறையோடு, மேசையின் மேல். கணக்குக்காக ஒரு முறை, சந்தேகம் வந்ததற்காக மற்றொரு முறை என்று தொடுவது நின்றுவிட்டது.

செலவைப் பற்றி நீளமாக எழுத விருப்பமில்லை. சலவை தாங்கும் டேக் ஒன்றின் விலை பல ஆண்டாக ஒரு டொலரைச் சுற்றி இருந்தது. 2022 இன் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவைச் சுற்றி இருந்தது, மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியிருந்தது. பதின்மூன்று மணித்தியால மின்வெட்டும் டீசல் வரிசையும் இருந்த அந்த நாட்களில் டேக் வாங்குவதைப் பற்றிப் பேசியவரைப் பார்த்து எல்லோரும் முறைத்தார்கள். ஆனால் விரிப்பும் டொலரில்தான் வருகிறது. டேக் விலையேறிய அதே வேகத்தில் விரிப்பு விலையேறியது. இறக்குமதிக் கட்டுப்பாட்டால் காசு இருந்தும் கிடைக்கவில்லை. படிக்கட்டுக்குக் கீழே இருந்த அலுமாரிகளைத் திறக்க வைத்தது, உண்மையில், என் பட்டியலைவிட அந்தப் பஞ்சம்தான்.

ஒரு கவலையும் உண்டு. வைத்தியசாலை ஒன்றில் தாதியரின் சீருடையிலும் டேக் தைத்தோம், உடுப்பு யாருடையது என்று பிரிப்பதற்காக. சில மாதத்தில் வேறொரு வாடிக்கையாளர், வாசலிலும் கழிப்பறைக்குப் போகும் வழியிலும் ரீடர் வைத்தால் ஊழியர் எப்போது எங்கே போகிறார் என்று பார்க்கலாமே என்று கேட்டார். தொழில்நுட்பரீதியாக முடியும்; மனித உடலில் உள்ள நீர் அலையைக் குடிப்பதால் துல்லியமாக இருக்காது என்று சொல்லித் தட்டிக்கழித்தேன். அது உண்மைதான், ஆனால் நான் மறுத்ததன் காரணம் அதுவல்ல. கைப்பைகளைத் திறந்து பார்த்தவர்களின் கையில் இதைக் கொடுப்பதா என்பதே என் மனதில் இருந்தது. சில்லில் 96 பிட் எண் மட்டுமே இருக்கிறது, பெயர் இல்லை என்று விற்பனைக்காரர் சொல்வார். எங்கள் வீட்டுச் சேர்ட்டில் இருந்த கொக்கியிலும் பெயர் இல்லை. பெரியவருக்குத் தெரிந்திருந்தது.

சென்ற மாதம் எண்ணிக்கை மறுபடியும் குழம்பியது, இம்முறை கூடுதலாக. தை மாதத்தில் கிழிந்ததென்று கணக்கிலிருந்து நீக்கிய விரிப்புகள், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வாசலைக் கடந்து வெளியே போனதாகப் பதிவாகின. மென்பொருள்காரர் வந்து இரண்டு நாள் தேடினார். கடைசியில் அந்த அக்காதான் கண்டுபிடித்தார். பழைய விரிப்புகளைத் துண்டாக்கி நிலம் துடைக்கக் கொடுத்திருக்கிறோம். டேக் தைத்த விளிம்பை யாரும் வெட்டவில்லை. வெள்ளிக்கிழமைகளில் துடைப்பான் வண்டி அந்த வாசல் வழியாகவே போகிறது. அவர் கத்தரிக்கோலை எடுத்து, கந்தல் ஒவ்வொன்றிலிருந்தும் அந்த வெள்ளை நாடாவை வெட்டி, வெறும் ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் போட்டு என் மேசைக்குக் கீழே வைத்தார். நான் மறந்துவிட்டேன். நேற்று கையடக்க ரீடரைப் பரிசோதிக்க மேசையில் வைத்து அழுத்தியபோது, திரையில் 43 விரிப்புகள் வரிசையாக வந்து நின்றன.